எந்தக் கம்பெனிக்கும் போகாது

படிக்காமலேயே சம்மதம்னு அமுக்கிட்டீங்களே சார். தப்பா எடுத்துக்காதீங்க, பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன், கண்ணுல பட்டுச்சு. டார்ச் லைட் ஆப்தானே அது? டார்ச் அடிக்கிறதுக்கு உங்க போன்ல இருக்கிற நம்பர் எல்லாம் அவனுக்கு எதுக்கு? அவன் கேட்டான், நீங்க குடுத்துட்டீங்க. இப்ப உங்க சம்சாரம் நம்பர், மச்சான் நம்பர், தண்ணி கேன் போடறவர் நம்பர் எல்லாம் எந்த நாட்டுக்குப் போய்ச் சேருதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு இதைப் பாத்தா வயிறு எரியும் சார். வீட்டு ஜன்னல்ல எவனாவது எட்டிப் பாத்தா சும்மா விடுவோமா? போன்ல மட்டும் எவன் வேணா வந்து பாத்துட்டுப் போகலாம். என் போனைப் பாருங்க. இதுல கம்பெனிக்காரன் போட்டது எதுவும் கிடையாது, எல்லாத்தையும் வழிச்சுத் தூக்கிப் போட்டுட்டு கட்டற்ற மென்பொருள் மட்டும் வெச்சிருக்கேன். கேள்விப்பட்டிருக்கீங்களா? சும்மா கிடைக்கிறதுன்னு அர்த்தம் இல்ல. யார் வேணா எடுத்து ஓட்டலாம். உள்ள என்ன எழுதியிருக்குன்னு பிரிச்சுப் படிக்கலாம். பிடிக்கலைன்னா மாத்தலாம், மாத்துனதை ஊருக்கே குடுக்கலாம். ஒளிவு மறைவு கிடையாது. இதுக்காகத்தான் சார் வாழ்க்கையில பாதியைக் குடுத்தேன்.

என் பேரு அறவாழி. திருச்சியில ஒரு பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாக்கறேன். உறையூர்ல ஒரு டியூஷன் சென்டர் மாடியில ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூடுவோம், கட்டற்ற மென்பொருள் வட்டம்னு பேரு. நான்தான் ஆரம்பிச்சது. இன்னைக்கும் ஞாயித்துக்கிழமைதான். ஆனா கூட்டத்துக்குப் போகல, புதுக்கோட்டைக்குப் போறேன். என் மனைவி அங்க இருக்கா. லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருக்கா. அவளை இன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். வருவாளா மாட்டாளான்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும். அதான் சார், வாய் ஓயாம பேசிட்டு வரேன். மனசு ஒரு நிலையில இல்ல.

மணிமொழின்னு பேரு. நல்லவதான். நான் ஒருநாளும் அவளைக் கை நீட்டினது கிடையாது, குடிக்க மாட்டேன், சம்பளக் கவரை அம்மா கையில குடுத்துடுவேன். அவ வேலைக்குப் போறதுக்கு நான் தடையா இருந்தேனா? இல்ல. இன்னும் சொன்னா அவளை இந்தக் கம்ப்யூட்டர் பக்கம் கொண்டுவந்ததே நான்தான். எங்க வட்டத்துல பொம்பளைங்களே இல்லைன்னு வெளியூர்க் கூட்டத்துல ஒருத்தர் குத்திக் காட்டிட்டாரு. எனக்கு அவமானமா போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமையே இவளைக் கூட்டிட்டுப் போயிட்டேன். அதுக்கப்புறம் எடுத்த போட்டோ எல்லாத்துலயும் நடுவுல இவதான் நிப்பா. எல்லாருக்கும் டீ போட்டு பிளாஸ்க்ல கொண்டு வருவா, முறுக்கு கொண்டு வருவா. ஓரமா உக்காந்து கவனிப்பா. கணக்கு படிச்சவ இல்லையா, சட்டுன்னு பிடிச்சுக்கிட்டா. எப்படிப் படிக்கணும், எந்த வரி எங்க போகுதுன்னு எப்படித் தேடணும், எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். அது எனக்கு எதிராவே திரும்பும்னு யார் கண்டா.

ஒரு நாள் அவதான் சொன்னா, டீச்சர்ஸ் ரூம்ல எல்லாரும் மாசவிலக்குத் தேதிக் கணக்கு வெச்சுக்க ஒரு ஆப் வெச்சிருக்காங்க, அதுல தேதி போட்டா மறுநாளே அது சம்பந்தமான விளம்பரமா வருதுன்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. பாருங்க சார், ஒரு பொம்பளைக்கு எப்ப தூரம், எப்ப தள்ளிப்போகுதுன்னு கம்பெனிக்காரன் தெரிஞ்சு வெச்சிருக்கான். இதைவிட அசிங்கம் இருக்கா? அன்னைக்கே உக்காந்தேன். தமிழ்ல, கட்டற்ற முறையில, நானே ஒண்ணு எழுதினேன். திங்கள்னு பேர் வெச்சேன். முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டேன், உங்கள் தகவல் எந்தக் கம்பெனிக்கும் போகாதுன்னு.

ஆம்பளை எழுதினதான்னு சிரிக்காதீங்க. எழுதினது நான், என்னென்ன வேணும்னு சொன்னது அவ. தமிழ்ல வர்ற ஒவ்வொரு சொல்லும் அவ போட்டது. வலி எப்படி இருக்குன்னு கேக்கற இடத்துல நான் அதிகம், குறைவுன்னு போட்டிருந்தேன். அவ இடுப்பு விட்டுப் போற மாதிரி, நிக்க முடியாத மாதிரின்னு எழுதினா. அதைப் படிச்சிட்டுத்தான் பொம்பளைங்க அதை எடுத்தாங்கன்னு வட்டத்துல சொன்னாங்க. இருக்கலாம். ஆனா ஆப்னு ஒண்ணு இருந்தாத்தானே சொல் போட முடியும். எழுதியவர்னு என் பேர்தான் இருந்துச்சு. அவ கேக்கல, நானும் போடல.

கூட்டம் கூட்டமா எடுத்தாங்க சார். காலேஜ்ல கூப்பிட்டுப் பேசச் சொன்னாங்க. கட்டற்ற மென்பொருளும் பெண் விடுதலையும்னு தலைப்பு. பொண்ணுங்களா உக்காந்திருந்துச்சுங்க, இவ முதல் வரிசையில. நான் கம்பெனிகளைக் கிழி கிழின்னு கிழிச்சேன். உங்க உடம்பு உங்களுடையது, அதோட கணக்கு உங்க கையில இருக்கணும்னு சொன்னப்ப கைத்தட்டல் அடங்கவே இல்ல. ஒரு பொண்ணு எந்திரிச்சு, சார், அப்ப இதுல போடறது என்னைத் தவிர வேற யாருக்கும் தெரியாதுல்லன்னு கேட்டுச்சு. எந்தக் கம்பெனிக்கும் தெரியாதும்மான்னு சொன்னேன். பொய் சொன்னேனா? இல்லையே. எந்தக் கம்பெனிக்கும் தெரியாதுதான்.

இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு. ஆப்பைப் போடும்போது குடும்ப எண்ணுன்னு ஒண்ணு கேக்கும். அந்தப் பொண்ணு தேதி போட்டாலும், போட வேண்டிய தேதியில போடாம விட்டாலும் அந்த நம்பருக்கு ஒரு தகவல் போகும். நல்லதுக்குத்தானே சார்? வீட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சா அன்னைக்கு வேலை குறையும், ஒரு மாத்திரை வாங்கிட்டு வருவாங்க. நம்ம ஊர்ல பொம்பளைங்க போன்ல ஆப் போட்டுக் குடுக்கிறது யாரு? புருஷன், இல்ல அண்ணன். அவங்க அவங்க நம்பரைப் போட்டுக்கிட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பா? அப்புறம் போன் தொலைஞ்சா கணக்கு போயிடக் கூடாதுன்னு எல்லாருடையதும் ஒரு காப்பி எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வர்ற மாதிரி வெச்சிருந்தேன். எங்க வெச்சிருந்தேன் தெரியுமா? எங்க வீட்டு டிவி ஸ்டாண்டுக்கு அடியில. வெள்ளைக்காரன் ஊர்ல இல்ல. கம்பெனிக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லையா?

இதெல்லாம் மறைச்சு வெச்சேன்னு நினைக்காதீங்க. ஆப்போட கோட், அதான் உள்ள எழுதியிருக்கிறது, ரெண்டு வருஷமா திறந்துதான் கிடந்துச்சு, யார் வேணா படிச்சுக்கலாம்னு. எங்க வட்டத்துல நாலஞ்சு பேர் வரி விடாம படிச்சாங்க. எங்கெங்கயோ தப்பு கண்டுபிடிச்சாங்க, இதைத் தப்புன்னு ஒருத்தனும் சொல்லல. ஒருத்தர், ஏங்க, என் நம்பருக்குத் தகவல் லேட்டா வருதுன்னுதான் சொன்னாரு. எல்லாம் குடும்பஸ்தனுங்க.

தண்ணி இருக்கா சார்? இல்ல, இருக்கட்டும், கீரனூர்ல பஸ் நிக்கும்போது வாங்கிக்கறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி அதுக்குள்ள நாலு வருஷம் ஓடிப்போச்சு. முன்னால ஒரு தடவை தங்கி, மூணாம் மாசம் கலைஞ்சிடுச்சு. அம்மாவுக்கு அது பெரிய ஏக்கம். எனக்கும்தான். அப்படி இருக்கும்போது ஒரு நாள் லேப்ல உக்காந்திருக்கேன், திங்கள்லேர்ந்து தகவல் வருது. மணிமொழி தேதி போடல. மறுநாளும் போடல. ஒரு வாரம் தாண்டிடுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒரு புருஷன் சந்தோஷப்படக் கூடாதா? அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

அம்மா சும்மா இருப்பாங்களா? அத்தைங்களைக் கூப்பிட்டுட்டாங்க, சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிட்டாங்க. பாயசம் வெச்சு, பூ வாங்கி, வளையல் வாங்கி வெச்சு, சாயங்காலம் ஹால்ல வரிசையா உக்காந்திருந்தாங்க. இவ ஸ்கூல் விட்டு உள்ள வந்தா. கையில சாக்பீஸ் தூசி கூடப் போகல. அம்மா போய்க் குங்குமம் வெச்சுக் கட்டிப் பிடிச்சாங்க. பெரிய அத்தை, எங்ககிட்டயே மறைச்சிட்டியேடின்னு கன்னத்தைக் கிள்ளினாங்க. இவ யாரையும் பாக்கல, என்னை மட்டும் பாத்தா. யாரு சொன்னதுன்னு கேட்டா. எனக்குப் பெருமை தாங்கல, நம்ம திங்கள்தான் சொல்லுச்சுன்னேன். அத்தைங்க எல்லாரும் சிரிச்சாங்க. எவ்வளவு முன்னேறிடுச்சு பாருன்னு ஒருத்தங்க சொன்னாங்க. இவ பாயசத்தை வாங்கிக் குடிச்சா. நல்லாத்தான் குடிச்சா.

அந்த வாரக் கடைசியில எல்லாம் போயிடுச்சு சார்.

அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்? ஆண்டவன் குடுத்து வைக்கல. ஆனா சொன்னவங்க எல்லாரும் திரும்ப விசாரிக்கத்தானே செய்வாங்க. என்ன தூக்கினே, எதுக்கு மாடி ஏறினே, பஸ்ல போனியான்னு ஒவ்வொருத்தரா போன்ல கேட்டாங்க. அம்மா கோவத்துல, ஒழுங்கா ஒண்ணைத் தாங்கத் தெரியலைன்னு ஒரு வார்த்தை விட்டுட்டாங்க. பெரியவங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாங்க. இவ படுத்த இடத்துலேர்ந்து எல்லா போனையும் எடுத்து எல்லாருக்கும் பதில் சொன்னா. நான் ஸ்விட்ச் ஆஃப் பண்ணச் சொன்னேன். எத்தனை பேருக்குச் சொன்னீங்களோ அத்தனை பேருக்கும் நான்தானே சொல்லணும்னு சொன்னா.

அப்புறம் ஒரு நாள் காலையில, பக்கத்துல உக்காந்து சமாதானமாத்தான் பேசினேன். புருஷன்கிட்ட நீயே முதல்ல சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். தப்பா? அதுக்கு அவ சொன்னா: "போன தடவை ஊரே வந்து துக்கம் கேட்டுட்டுப் போச்சு. இந்தத் தடவை என் வயித்தைக் கொஞ்ச நாள் நான் மட்டும் வெச்சுக்கலாம்னு இருந்தேன்."

இது என்ன பேச்சு சார்? அவ வயிறுன்னா, எனக்கு அதுல பங்கில்லையா?

அன்னைக்கு லேப்டாப்பை எடுத்து வெச்சு உக்காந்தா. அவ மனசு மாறிட்டா, வேலையில கவனத்தைத் திருப்பறான்னு நான் நினைச்சேன். சாப்பாட்டுக்குக் கூட எந்திரிக்கல. திங்களைப் பிரிச்சு வெச்சு வரி வரியாப் படிச்சிருக்கா. தேதி எங்க போகுது, எந்த நம்பருக்குப் போகுது, டிவி ஸ்டாண்டுக்கு எப்படி வருது, எல்லாத்தையும் பிடிச்சிட்டா. நான் சொல்லிக் குடுத்த அதே முறையில. அன்னைக்கு எனக்கே உள்ளுக்குள்ள ஒரு பெருமைதான், பொய் சொல்லல. அப்புறம் என்கிட்ட வந்து, எல்லாப் பொம்பளைங்களோடதும் இங்க வருதான்னு கேட்டா. பேக்கப்தானேம்மான்னேன். கம்பெனிக்குக் குடுக்கலையேன்னேன்.

"கம்பெனி பாத்தா வேவு. நீங்க பாத்தா அக்கறையா?" அப்படின்னு கேட்டா. கத்தல. கத்தியிருந்தாக்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும்.

மறு வாரம் பாக்கறேன், எனது திங்கள்னு அவ புதுசா ஒண்ணு விட்டிருக்கா. நான் எழுதின அதே ஆப்தான். குடும்ப எண் இல்ல, எங்க வீட்டுக்கு வர்ற காப்பி இல்ல, அது மட்டும்தான் வித்தியாசம். எடுத்தது மட்டுமில்ல, எதை எடுத்தேன்னு வெளிப்படையா எழுதியிருக்கா. குடும்ப எண்ணுக்குத் தகவல் போவது நீக்கப்பட்டது. எழுதியவரின் வீட்டுக்கு நகல் போவது நீக்கப்பட்டது. காரணம், எங்களைக் கேட்கவில்லை. இவ்வளவுதான். அதுக்குக் கீழ, முதலில் எழுதியவர் அறவாழி, திருச்சி.

சட்டப்படி ஒண்ணும் சொல்ல முடியாது சார். எடுக்கலாம், மாத்தலாம், ஊருக்குக் குடுக்கலாம்னு மேடை மேடையா சொன்னது நான்தானே. ஆனா அதெல்லாம் கம்பெனிக்கு எதிராச் செய்யறது. கட்டின புருஷனுக்கு எதிராவா செய்வாங்க? வீட்டுக்குள்ள சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேன். யோசிச்சிருப்பேன், நாலு பேரைக் கேட்டிருப்பேன். போன் போட்டு, என் பேரையாவது எடுத்துடு, ஊர்ல தலை காட்ட முடியலைன்னு கெஞ்சினேன். எழுதினவர் பேர் கட்டாயம் இருக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்கன்னு கேட்டா. அதுக்கு முன்னாலயே துணி மணியை எடுத்துக்கிட்டுப் புதுக்கோட்டைக்குப் போய் வேற ஸ்கூல்ல சேந்துட்டா.

பொம்பளைங்க எல்லாரும் அந்தப் பக்கம் சாஞ்சிட்டாங்க. என்னோடதுல தேதி விழறதே நின்னு போச்சு. எந்தக் காலேஜ்ல நான் பேசினேனோ அதே காலேஜ்ல போய் இவ பேசியிருக்கா. ஒருத்தர் ரெக்கார்டு பண்ணி அனுப்பினாரு. அதுல ஒரு பொண்ணு கேக்குது, அப்ப இந்தக் கட்டற்ற மென்பொருளால நமக்குப் பிரயோஜனம் உண்டா இல்லையான்னு. நான் நினைச்சேன், என்னைத் திட்டப் போறான்னு. திட்டல. "உண்டு. திறந்து இருந்ததாலதான் என்னால பாக்க முடிஞ்சது. ஆனா படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்தி. தெரியாத அத்தனை பேருக்கும் அது பூட்டின வீடுதான். அதனால வாங்க, படிக்கச் சொல்லித் தரேன்"னு சொன்னா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல் முன் ஹால்ல சொல்லித் தர்றாளாம். டீ யாரு போடறான்னு தெரியல. எங்க வட்டத்துல இப்பல்லாம் யாருமே கொண்டு வர்றதில்ல.

எனக்குக் கசப்புதான் சார், மறைக்கல. ஊருக்குச் சுதந்திரம் வேணும்னு கத்தினவன் வீட்டுல அடுப்பு எரியல. அம்மா, வேற பொண்ணு பாக்கட்டுமாங்கறாங்க. எனக்கு வேற எவளும் வேண்டாம். அவ இல்லாத வீடு நல்லாவே இல்ல. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தா டிவி ஸ்டாண்டுக்கு அடியில அந்தப் பெட்டி ஒண்ணுதான் சத்தம் போட்டுக்கிட்டு இருக்கு.

போன வாரம் அவளாவே கூப்பிட்டா. எனக்கு நம்பவே முடியல. நல்லா இருக்கீங்களான்னு கேட்டா. அப்புறம் நிதானமா சொன்னா: "அந்தப் பெட்டியில இருக்கிற டிஸ்கைக் கழட்டி எடுத்துட்டு வாங்க. என் கண் முன்னால உடைங்க. வேற காப்பி எங்கயும் இல்லைன்னு என் முகத்தைப் பாத்து ஒரு தடவை சொல்லுங்க. அன்னைக்கே பையை எடுத்துக்கிட்டு உங்க கூட வரேன்."

அவ்வளவுதான் கேட்டா. அம்மாவை மன்னிப்பு கேக்கச் சொல்லல, தனிக்குடித்தனம் கேக்கல. நல்லவதான்னு சொன்னேன் இல்ல, இதான். உடனே சரின்னுட்டேன்.

இதோ, இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. துண்டுல சுத்தி வெச்சிருக்கேன். சுத்தியலும் எடுத்துட்டு வந்திருக்கேன், லேடீஸ் ஹாஸ்டல்ல சுத்தியல் இருக்குமோ இருக்காதோ. ரெண்டு வருஷம் சார். எத்தனை ஊர்ப் பொம்பளைங்க. யாருக்கு எப்ப வந்துச்சு, யாருக்குத் தள்ளிப்போச்சு, யாருக்குத் தள்ளிப்போயி திரும்ப வந்துச்சு, எல்லாம் தேதி வாரியா இதுக்குள்ள இருக்கு. நான் பாக்கறவன் இல்ல. சரியா வந்து விழுதான்னு எப்பவாவது திறந்து பாப்பேன், அது டெஸ்டிங். இப்படி ஒரு கணக்கு தமிழ்ல யாருகிட்டயும் இருக்காது. பின்னால ஒரு ஆராய்ச்சிக்கு ஆகும், அந்தப் பொம்பளைங்களுக்கே ஆகும். இதைப் போய் உடைன்னா, கை வருமா? இருந்தாலும் உடைக்கப் போறேன். அவளுக்காக.

வேற காப்பியா? அது எடுக்காம இருப்பேனா சார். லேப்ல சேர்ற பசங்களுக்கு முதல் நாள் நான் சொல்லித் தர்றதே அதானே. நேத்து எடுத்து பீரோவுல அம்மா பட்டுப் புடவைக்கு அடியில வெச்சுப் பூட்டியிருக்கேன். யார் கையும் படாது. எந்தக் கம்பெனியும் தொட முடியாது.

முகத்தைப் பாத்துக் கேப்பா, நானும் பாத்து இல்லைன்னு சொல்லிடுவேன். மத்தபடி நான் பொய் பேசறவன் இல்ல. குடும்பம் ஒண்ணு சேரணும்னா இதைச் சொல்லித்தான் ஆகணும். கூட்டிட்டு வந்ததும் அவ பழையபடி ஆயிடுவா, அம்மாவும் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் செய்யறது சரிதானே?

ஏன் சார் எந்திரிக்கிறீங்க, பஸ் ஸ்டாண்டு வர இன்னும் நேரம் இருக்கே.